மில் கதவும் மைதானக் கதவும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டேட்டோனா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே 1959-ல் திறந்த கார் பந்தய மைதானம் உலகப் பிரசித்தம். ஒரு சுற்றே இரண்டரை மைல். அந்த மைதானத்தை 2013-லிருந்து 2016 வரை 40 கோடி டாலர் செலவழித்துப் புதுப்பித்தார்கள். இவ்வளவு பணத்தைக் கொட்டினார்களே, ஆசனங்களை அதிகப்படுத்தினார்களா? இல்லை, குறைத்தார்கள்! சுமார் 1,46,000 பேர் உட்கார்ந்து பார்த்த இடத்தில் 1,01,500 பேருக்குத்தான் இடம் வைத்தார்கள். மைதானத்தின் பின்பக்கத்துக் காலரி முழுவதையும் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

டேட்டோனா மட்டுமா? மிச்சிகன் மைதானத்தில் 1,30,000-க்கு மேல் இருந்த ஆசனங்கள் 60,000-க்கும் கீழே இறங்கின. வர்ஜீனியாவில் ரிச்மண்ட் மைதானத்தில் 1 லட்சத்துக்கு மேல் இருந்தவை ஏறத்தாழப் பாதியாயின. 2013-லிருந்து, எந்தப் பந்தயத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கையே கம்பெனி வெளியிடுவதில்லை என்றாகிவிட்டது. கூட்டம் பெருகியபோது தம்பட்டம் அடித்தவர்கள், கூட்டம் கரைந்ததும் கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டார்கள்.

எங்கோ அமெரிக்காவில் ஒரு காலரி காலியானால் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தக் காலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் கோடீஸ்வரர்கள் அல்ல. நூல் மில்லில் கதிர் பிடித்தவர்கள். புகையிலைத் தோட்டத்தில் இலை பறித்தவர்கள். கார் தொழிற்சாலையில் முடுக்கி பிடித்தவர்கள். நம்மைப் போன்றவர்கள் சேர்ந்து வளர்த்த ஒரு விளையாட்டை யார் எடுத்துக்கொண்டார்கள், அந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்பதுதான் இந்தக் கதை.

சாதாரணக் கார், சாதாரண ஜனங்கள்

இந்தப் பந்தயத்துக்கு 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று பெயர். பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த கார் அல்ல. கடையில் எவரும் வாங்கக்கூடிய கார் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஐரோப்பாவிலே பந்தயக் கார் பிரபுக்களின் பொழுதுபோக்காக இருந்தது. இங்கே அப்படியல்ல. சந்தைக்கும் சர்ச்சுக்கும் போகிற கார்தான் பந்தயத்துக்கும் போனது.

இதன் பிறப்பிடம் அமெரிக்காவின் தென்பகுதி மலைச்சரிவுகள். 1920 முதல் 1933 வரை அந்த நாடு முழுவதும் மதுவிலக்கு. அதற்குப் பிறகும் பல ஜில்லாக்களில் விலக்கு நீடித்தது; வரியும் கடுமை. மலையடிவாரத்து ஏழைச் சம்சாரி, சோளத்தை மூட்டையாக விற்றால் வண்டிக் கூலிக்கும் போதாது என்று அதைச் சாராயமாகக் காய்ச்சினான். இரவோடு இரவாக அதை ஊருக்குக் கொண்டுபோக, போலீஸ் காரைவிட வேகமான கார் வேண்டும். எஞ்சினைத் திருத்தினான், ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினான். இப்படி ஓட்டிப் பழகிய வாலிபர்கள், விடுமுறை நாளில் 'உன் கார் வேகமா, என் கார் வேகமா?' என்று வயல்வெளியில் பார்த்துக்கொண்டார்கள். பார்க்க ஜனம் கூடியது.

வட கரோலினாவில் வில்க்ஸ் ஜில்லாவைச் சேர்ந்த ஜூனியர் ஜான்சன் இந்தப் பரம்பரையில் வந்தவர். 1956-ல் தகப்பனாரின் சாராய அடுப்பருகே பிடிபட்டு ஏறத்தாழ ஒரு வருஷம் சிறையில் இருந்தார். வெளியே வந்து ஓட்டினார். மொத்தம் 50 பந்தயங்களில் வென்றார்.

கூட்டம் கூடுகிற இடத்தில் கல்லாப் பெட்டி வைக்க ஒருவர் வருவார் அல்லவா? வந்தார். டேட்டோனாவில் கார் பழுது பார்த்துக்கொண்டிருந்த பில் பிரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் ஒரு ஓட்டலில் பந்தயக்காரர்களைக் கூட்டினார். 1948 பிப்ரவரியில் 'நாஸ்கார்' என்ற ஸ்தாபனம் பதிவாயிற்று. பெயரில் அது சங்கம்; உண்மையில் அது ஒரு குடும்பத்தின் சொத்து. தகப்பன், மகன், பேரன், மறுபடி இளைய மகன் என்று தலைமை அந்த ஒரே குடும்பத்துக்குள் கைமாறி வந்தது. ஆனால், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய சில்லறை ஏற்பாட்டாளர்களை ஒழித்து, விதியும் பட்டியலும் ஏற்படுத்தியது அந்த ஸ்தாபனம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

1949 ஜூன் 19-ல் வட கரோலினாவின் சார்லட் நகரில் அந்த ஸ்தாபனத்தின் ஸ்டாக் கார் தொடரின் முதல் பந்தயம். முதலில் வந்த காரைச் சோதித்தார்கள். சாராயம் கடத்துவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங் திருத்தப்பட்ட கார் என்று தள்ளிவிட்டு, இரண்டாவதாக வந்தவருக்குப் பரிசு கொடுத்தார்கள்.

மில் ஊர்களின் விடுமுறை

சார்லட் நகரைச் சுற்றி எத்தகைய ஊர்கள் இருந்தன? நூல் மில் ஊர்கள். மில் முதலாளியே வீடு கட்டி வாடகைக்கு விடுவார். அவருடைய கடையிலேதான் சாமான் வாங்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும். லைன் வீட்டில் குடியிருந்த நம் மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மண்ணின் போராட்டமும் லேசானதல்ல. 1929-ல் காஸ்டோனியா நகரத்து லோரே மில் வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளிப் பெண்ணும் பாட்டுக் கட்டிப் பாடியவருமான எல்லா மே விக்கின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1934 செப்டம்பரில் ஏறத்தாழ 4 லட்சம் நெசவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தென் கரோலினாவில் ஹோனியா பாத் என்ற ஊரில், செப்டம்பர் 6-ந் தேதி, மில் வாசலில் 7 தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூன்று வாரத்தில் வேலைநிறுத்தம் வாபஸ் ஆயிற்று. ஆயிரக்கணக்கானோரின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மில்களில் சங்கம் என்ற சொல்லையே பலர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பந்தயக் காலரியை நிரப்பியவர்கள் இந்த ஊர்களின் ஜனங்கள். வாரம் முழுவதும் மிஷின் இரைச்சலுக்கும் மேஸ்திரியின் அதட்டலுக்கும் நடுவில் நின்றவனுக்கு, விடுமுறை நாளில் இன்னொரு மிஷின் இரைச்சல் இன்பமாயிருந்தது. ஏன்? அந்த மிஷினை ஓட்டியவன் தன் ஊர்க்காரன். தன்னைப்போலவே கையில் கிரீஸ் படிந்தவன். அங்கே வேகத்தை நிர்ணயித்தவன் மேஸ்திரி அல்ல, ஓட்டியவன்! சங்கக் கொட்டகையில் கூட முடியாதவர்கள் பந்தயக் காலரியில் கூடினார்கள் என்றால் அது மிகையல்ல என்றே நினைக்கிறோம்.

1950-ல் தென் கரோலினாவில் டார்லிங்டன் என்ற ஊரில் பெரிய மைதானம் ஒன்று எழுந்தது. நிலம் கொடுத்தவர் தன்னுடைய மீன் குளத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பாதை ஒரு பக்கம் குறுகி, முட்டை வடிவமாக அமைந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. முதல் பந்தயம் எந்த நாளில் நடந்தது தெரியுமா? செப்டம்பர் முதல் திங்கட்கிழமை. அமெரிக்க சர்க்கார் 1894-ல் தொழிலாளர் தினமாக அறிவித்த விடுமுறை நாள்! சுமார் 25,000 பேர் வந்தார்கள். அரை நூற்றாண்டுக் காலம் தொழிலாளர் தின விடுமுறை என்றால் தென்பகுதி ஜனங்களுக்கு டார்லிங்டன் பந்தயம்தான். சாப்பாட்டு மூட்டையும் ஐஸ் பெட்டியும் காரில் வைத்துக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு போவார்கள். மைதானத்திலேயே கூடாரம் அடித்துத் தங்குவார்கள்.

சங்கம் என்றால் ஆயுள் தடை

காலரியில் இருந்தவனுக்கு மில்லில் நேர்ந்ததுதான் பாதையில் ஓடியவனுக்கும் நேர்ந்தது. உயிரைப் பணயம் வைத்தவன் ஓட்டுநன். பரிசை நிர்ணயித்தவன் கம்பெனிக்காரன். 1961-ல் கர்டிஸ் டர்னர், டிம் பிளாக் என்ற இரண்டு பிரபல ஓட்டுநர்கள், லாரித் தொழிலாளர் சங்கமான டீம்ஸ்டர்ஸின் துணையோடு ஓட்டுநர் சங்கம் அமைக்க முயன்றார்கள். அதிகப் பரிசுத் தொகை, இன்ஷுரன்ஸ், பென்ஷன் ஆகியவை அவர்கள் கோரிக்கை. டர்னருக்குத் தன் கடனைத் தீர்க்கச் சங்கத்தின் பணம் தேவைப்பட்டது என்பதும் உண்மைதான். ஆனால் கோரிக்கை நியாயமானது. பில் பிரான்ஸ் என்ன செய்தார்? சங்கத்தில் சேர்ந்தவன் எவனும் ஓட்ட முடியாது என்றார். இருவருக்கும் ஆயுள் தடை! மற்றவர்கள் பயந்து விலகினார்கள். டர்னரை 1965-ல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் கூட்டம் இழுக்க நட்சத்திர ஓட்டுநர்கள் குறைந்த சமயத்தில்!

1969-ல் அலபாமா மாநிலத்தில் டாலடேகா மைதானம் திறந்தது. பயிற்சி ஓட்டத்தில், மணிக்கு 200 மைலை நெருங்கிய வேகத்தில், டயர்கள் கிழிந்தன. ரிச்சர்ட் பெட்டி தலைமையில் அமைந்த ஓட்டுநர் சங்கம், இந்த டயரில் ஓட்ட மாட்டோம் என்று சொன்னது. முன்னணி ஓட்டுநர்களில் பெரும்பாலோர் காரை ஏற்றிக்கொண்டு வெளியேறினார்கள். கம்பெனி பந்தயத்தைத் தள்ளி வைத்ததா? இல்லை. சின்னப் பந்தயங்களில் ஓட்டிய மாற்று ஆட்களை வைத்து நடத்திவிட்டது. டிக்கெட் வாங்கியவர்களுக்கு, இதே சீட்டைக் காட்டி இன்னொரு பந்தயம் பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னது. வேலைநிறுத்த நாளில் வெளியாளை வைத்து மிஷினை ஓட்டுகிற தந்திரம் மில் முதலாளிக்கு மட்டும் சொந்தமா என்ன? சில வருஷங்களில் அந்தச் சங்கமும் மங்கி மறைந்தது.

காலரிக்குள் ஒரு சுவர்

ஒரு விஷயத்தை மூடி மறைக்கக் கூடாது. அந்தக் கூட்டம் எல்லாத் தொழிலாளரின் கூட்டமும் அல்ல. வெள்ளைத் தொழிலாளரின் கூட்டம். மில்லில் நூற்பு, நெசவு வேலைகள் 1960-களின் நடுப்பகுதி வரை கறுப்பு இனத்தாருக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. மைதானத்திலோ, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி பறந்தது.

வர்ஜீனியாவில் டான்வில் என்ற மில் ஊரைச் சேர்ந்தவர் வெண்டல் ஸ்காட். கறுப்பர். தானே காரைத் திருத்தி, தானே ஓட்டியவர். 1963 டிசம்பர் 1-ந் தேதி ஜாக்சன்வில் நகரத்துப் பந்தயத்தில் வென்றார். வெற்றியை அவருக்கு அறிவித்தார்களா? வேறொருவர் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு, கணக்குத் தவறிவிட்டது, நீர்தான் ஜெயித்தீர் என்றார்கள். அந்த வெற்றிக்கு உரிய கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021-ல். ஸ்காட் 1990-லேயே காலமாகிவிட்டார்! அந்தக் கொடியை மைதானங்களில் தடை செய்தது 2020 ஜூனில்தான்.

கூலிக்காரனிடம் கூலிக்காரனைப் பிரித்து வைத்தால் யாருக்கு லாபம்? கூட்டத்தின் பாதியை வாசலிலேயே நிறுத்தி வைத்த விளையாட்டு, பின்னால் கூட்டம் குறைகிறதே என்று அழுவதில் என்ன அர்த்தம்?

கூட்டமே சரக்காயிற்று

1971 ஜனவரியில் அமெரிக்க டெலிவிஷனில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது. விளம்பரப் பணத்தை எங்கே கொட்டுவது? வட கரோலினாவின் ரெனால்ட்ஸ் புகையிலைக் கம்பெனி அதே வருஷம் பந்தயத்துக்குள் நுழைந்தது. 'வின்ஸ்டன்' சிகரெட்டின் பெயர் சாம்பியன் பட்டத்தின் பெயராகி 2003 வரை நீடித்தது. மைதானச் சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள், பரிசை உயர்த்தினார்கள். அன்று முதல் கம்பெனி விற்றது பந்தயத்தை மட்டுமல்ல. பார்க்க வந்த ஜனங்களையும் விற்றது. 'எங்களிடம் இத்தனை லட்சம் தொழிலாளிக் கண்கள் இருக்கின்றன. என்ன விலை தருகிறீர்கள்?' இதுதான் புது வியாபாரம்.

1979 பிப்ரவரி 18-ந் தேதி டேட்டோனா பந்தயத்தை சி.பி.எஸ். டெலிவிஷன் முதன்முதலாக ஆரம்பம் முதல் முடிவு வரை நேரடியாகக் காட்டியது. கிழக்கு மாநிலங்களில் கடும் பனி. ஜனங்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் ஓடிய இருவர் மோதி விழ, ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். மோதியவர்கள் இறங்கிக் கைகலந்தார்கள். தேசமே பேசியது.

பிறகு கூட்டம் மலைபோல் பெருகியது. டென்னஸி மாநிலத்தில் பிரிஸ்டல் மைதானம் 1961-ல் சுமார் 18,000 ஆசனங்களோடு திறந்தது. பின்னால் அது 1,60,000 ஆயிற்று. 1982-லிருந்து 55 பந்தயங்களுக்கு ஒரு டிக்கெட்கூட மிஞ்சாமல் விற்றது. அந்த டிக்கெட்டுகளை உயிலில் எழுதி வைப்பார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. 1994-ல் இண்டியானாபோலிஸில் நடந்த முதல் ஸ்டாக் கார் பந்தயத்துக்கு இரண்டரை லட்சம் பேர் வந்ததாக மதிப்பிட்டார்கள்.

கூட்டம் பெருகப் பெருக வியாபாரக் கணக்கும் மாறியது. 2001-லிருந்து ஆறு வருஷங்களுக்கு டெலிவிஷன் கம்பெனிகளோடு சுமார் 240 கோடி டாலருக்கு ஒப்பந்தம். 2015-லிருந்து பத்து வருஷங்களுக்கு 820 கோடி டாலர். இந்தப் பத்து வருஷ ஒப்பந்தப் பணத்தில் 100-க்கு 65 பங்கு மைதான உடமையாளர்களுக்குப் போனது. பெரும்பாலான மைதானங்கள் யாருடையவை? பிரான்ஸ் குடும்பத்துக் கம்பெனியும், ஸ்மித் குடும்பத்துக் கம்பெனியும் பங்கு போட்டுக்கொண்டவை. வாசலில் டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் கல்லா நிறைகிற வழி பிறந்துவிட்டது.

ஊரை விட்டுப் போன பந்தயம்

பணம் பெருகியதும் பழைய ஊர்கள் கசந்தன. ஜூனியர் ஜான்சனின் ஜில்லாவில் இருந்த நார்த் வில்க்ஸ்போரோ மைதானம், 1949-ல் நடந்த முதல் பந்தயத் தொடரிலேயே இடம்பெற்றது. 1996-ல் அதைக் கைவிட்டார்கள். அதை விலைக்கு வாங்கியவர்கள் அந்தப் பந்தயத் தேதிகளை டெக்சாஸுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். மைதானத்தில் புல் முளைத்தது.

அடுத்தது டார்லிங்டன். 2004-ல் அந்தத் தொழிலாளர் தினப் பந்தயத்தைப் பறித்துக் கலிபோர்னியாவில் பான்டானா என்ற ஊருக்குக் கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலே பணக்கார ரசிகர்கள் கிடைப்பார்கள் என்று கணக்கு!

அந்தப் பான்டானா மைதானம் எந்த நிலத்தில் எழுந்தது என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே கெய்சர் உருக்காலை ஓடியது. ஆயிரக்கணக்கான உருக்குத் தொழிலாளர் வேலை செய்த அந்த ஆலை 1983-ல் மூடப்பட்டது. 1997-ல் அந்த நிலத்தில் பந்தய மைதானம். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. தொழிலாளர் தினத் தேதி 2009-ல் அங்கிருந்தும் போயிற்று. 2023 பிப்ரவரியில் கடைசிப் பந்தயம். நிலத்தின் பெரும்பகுதி கிடங்கு கட்டுகிற கம்பெனிகளுக்கு விற்கப்பட்டது. உருக்காலை போய் மைதானம். மைதானம் போய்க் கிடங்கு! ஒவ்வொரு தடவையும் லாபம் கைமாறியது. ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் வெளியேறினார்கள்.

மில் மூடிய ஊரில் டிக்கெட் யார் வாங்குவது?

இப்போது கதையின் மையத்துக்கு வருவோம். ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய டேல் எர்ன்ஹார்ட் 1951-ல் பிறந்த ஊர் வட கரோலினாவின் கன்னாபொலிஸ். கேனன் மில் முதலாளி கட்டிய ஊர். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த ஊர். டேலின் தகப்பனார் ரால்ப் பருத்தி மில்லில் வேலை செய்து, பிறகு பந்தயக்காரர் ஆனவர். மகன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஏழு தடவை சாம்பியன். 2001 பிப்ரவரி 18-ல் டேட்டோனாவில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். கன்னாபொலிஸ் நகரம் கண்ணீர் விட்டது.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஊருக்கு இரண்டாவது சாவு. கேனன் மில் பல கை மாறிப் பில்லோடெக்ஸ் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் பல தோல்விகளுக்குப் பிறகு 1999-ல் ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைத்திருந்தார்கள். 2003 ஜூலை 30-ந் தேதி கம்பெனி கதவை மூடியது. வட கரோலினாவில் மட்டும் 4,000-க்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. அந்த மாநிலச் சரித்திரத்திலேயே ஒரே நாளில் அவ்வளவு பேருக்கு நிரந்தரமாக வேலை போனதில்லை.

வெண்டல் ஸ்காட்டின் டான்வில் என்ன ஆயிற்று? அங்கிருந்த டான் ரிவர் மில்லை 2006-ல் வாங்கியது ஒரு இந்தியக் கம்பெனி: குஜராத் ஹெவி கெமிக்கல்ஸ். அதே வருஷம் டான்வில் மில் மூடியது. அமெரிக்கத் தொழிலாளியின் வேலையை இந்தியத் தொழிலாளி பறித்தான் என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். முதலுக்கு நிறமும் இல்லை, தேசமும் இல்லை. 1994-ல் மெக்சிகோவோடு சுங்க ஒப்பந்தம். 2005 ஜனவரியில் உலகத் துணி வர்த்தகக் கோட்டா முறை ஒழிந்தது. குறைந்த கூலி எங்கே என்று முதல் பறந்தது. மெக்சிகோத் தொழிலாளியும் ஆசியத் தொழிலாளியும் அந்த ஒப்பந்தங்களை எழுதவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மில்கள் 2003-லும் 2006-லும் மூடின. ஆனால் கூட்டம் உச்சத்தில் இருந்ததும் ஏறத்தாழ அதே வருஷங்களில்தானே? ஆம். அந்த வருஷங்களில் கூட்டத்தை நிரப்பியது பழைய மில் ஜனம் மட்டுமல்ல. டெலிவிஷன் இழுத்து வந்த புது ரசிகர்கள். வீட்டின் பேரில் கடன் வாங்கிச் செலவழித்தவர்கள். 2008-ல் கடன் குமிழி வெடித்தது. அந்தக் கோடையில் பெட்ரோல் காலனுக்கு 4 டாலருக்கு மேல் போயிற்று. 2009 அக்டோபரில் வேலையில்லாதவர் 100-க்கு 10 பேர். ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாயின. மிச்சிகன் காலரியின் கார் தொழிலாளி எங்கே போவான்? பல நூறு மைல் ஓட்டி வந்து, பந்தய வாரத்தில் வாடகையை ஏற்றுகிற ஓட்டலில் தங்கி, நாலு பேருக்கு டிக்கெட் வாங்க எவனுக்கு முடியும்? 2010 மார்ச்சில் பிரிஸ்டலில் டிக்கெட் மிஞ்சியது. 28 வருஷத்துச் சங்கிலி அறுந்தது.

புது ரசிகன் வேறு வேடிக்கை தேடிப் போனான். முன்பெல்லாம் இப்படிப் பஞ்சம் வந்தபோது விளையாட்டைத் தாங்கி நின்றவன் உள்ளூர் மில் தொழிலாளி. இந்தத் தடவை அவன் அங்கே இல்லை. மடியைக் கறந்தவர்கள் தீவனத்தை மறந்தார்கள். இதுதான் நம் கருத்து.

'ரசிகன் மாறிவிட்டான்'

முதலாளிப் பத்திரிகைகள் வேறு காரணங்கள் சொல்லுகின்றன. இளைஞர்கள் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்களாம். பெயர் பெற்ற ஓட்டுநர்கள் ஓய்வு பெற்றார்களாம். வீட்டில் உட்கார்ந்தால் டெலிவிஷனில் நன்றாகத் தெரிகிறதாம். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 2004-லிருந்து சாம்பியனைத் தீர்மானிக்கும் முறையை மாற்றி மாற்றி ஜனங்களைக் குழப்பினார்கள். 2008-ல் இண்டியானாபோலிஸில் டயர் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் தாங்காமல், பந்தயத்தையே நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். பணம் கொடுத்து வந்தவன் நொந்து போனான்.

ஆனால் வெறும் வீட்டுச் சுகந்தான் காரணம் என்றால், டெலிவிஷனில் பார்ப்பவர் தொகை பெருகியிருக்க வேண்டும் அல்லவா? 2006-ல் டேட்டோனா பந்தயத்தை டெலிவிஷனில் பார்த்தவர்கள் 1 கோடியே 90 லட்சத்துக்கு மேல். 2025-ல் 70 லட்சத்துக்கும் குறைவு. மைதானத்தை விட்டவன் டெலிவிஷனையும் விட்டான். ஆனால் 2025-லிருந்து ஏழு வருஷங்களுக்கு ஒப்பந்தத் தொகை மட்டும் 770 கோடி டாலர்!

2020 மே 17-ந் தேதி கொள்ளை நோயின் நடுவே டார்லிங்டனில் பந்தயம் மறுபடி தொடங்கியது. காலரியில் ஒருவர்கூட இல்லை. நோய்க் காலத்தில் கூட்டம் கூடாதது சரியே. அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்று ஒரு உண்மை வெட்ட வெளிச்சமாயிற்று. 25,000 தொழிலாளர் கூடித் தொடங்கி வைத்த அதே இடத்தில், ஒரு ஆள்கூட இல்லாமல் பந்தயத்தை ஓட்டிப் பணம் பண்ண முடியும்!

இப்போது டேட்டோனாவில் டிக்கெட் முழுவதும் விற்றுவிட்டது என்று வருஷந்தோறும் அறிவிக்கிறார்கள். படியை வெட்டிச் சிறிதாக்கிவிட்டு, படி நிறைய அளந்தேன் என்பதைப் போல!

திரும்பி வந்தது என்ன?

பழைய ஊர்களைக் கைவிட்டது தவறு என்று அவர்களுக்கே பின்னால் உறைத்தது. 2015-ல் தொழிலாளர் தின வார இறுதிப் பந்தயம் டார்லிங்டனுக்குத் திரும்பியது. 2023 மே மாதம், புல் முளைத்த நார்த் வில்க்ஸ்போரோவில் 27 வருஷங்களுக்குப் பிறகு பெரிய பந்தயம் நடந்தது. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ரசிகன் மாறிவிட்டான் என்ற பேச்சுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? ஆனால் அந்த மைதானத்தைப் பழுது பார்க்க 1 கோடியே 80 லட்சம் டாலரை ஒதுக்கியது மாநில சர்க்கார். நோய் நிவாரணத்துக்கென்று வந்த பொதுப் பணம்! கைவிட்டபோது அது முதலாளியின் உரிமை. திருத்துகிறபோது மட்டும் ஊரார் பொறுப்பா?

அணி உடமையாளர்களுக்கும் கம்பெனிக்கும்கூடச் சண்டை மூண்டது. 2024 அக்டோபரில் இரண்டு அணிகள், விளையாட்டையே ஒரு குடும்பம் ஏகபோகமாக வைத்திருக்கிறது என்று கோர்ட்டுக்குப் போயின. 2025 டிசம்பரில் விசாரணையின் நடுவே சமரசம் ஆயிற்று. பணக்காரனுக்கும் பணக்காரனுக்கும் வழக்கு வந்தால் சமரசம் உண்டு. கன்னாபொலிஸ் தொழிலாளிக்கு எந்தக் கோர்ட் சமரசம் செய்து வைத்தது?

பார்வையாளர் கூட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. இரண்டு விஷயம் வேண்டும்: கையில் நாலு காசு, காலண்டரில் ஒரு ஓய்வு நாள். இரண்டும் தொழிலாளி போராடிப் பெற்றவை. அவை இருந்தபோது, வயலில் விளையாடிய விளையாட்டு லட்சம் பேரின் திருவிழாவாயிற்று. அவை போனபோது, 40 கோடி டாலர் கொட்டியும் பழைய ஆசனங்களை நிரப்ப முடியவில்லை. விளையாட்டும் வேடிக்கையும் உழைக்கிறவனுக்கு வேண்டாத ஆடம்பரம் என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். அவை அவன் கூலியில் ஒரு பங்கு. கூலியைப் பறிக்கிறவன் அதையும் சேர்த்தே பறிக்கிறான்.

காலரி ஏன் காலியாகக் கிடக்கிறது என்று ஆராய்கிற பண்டிதர்கள் மைதானத்தில் நின்று தலையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கன்னாபொலிஸ் மில் வாசலுக்கும் டான்வில் மில் வாசலுக்கும் போய்ப் பார்க்கட்டும். அந்தக் கதவு மூடியதைக் கவனித்திருந்தால், இந்தக் கதவும் மூடும் என்று முன்னமே தெரிந்திருக்கும்.